வேனின் தரையில் ஓர் ஓட்டை

சலைன் ஏற்றும் டியூபில் கை கழுவியவர்கள் நாட்டில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். நான் கழுவியிருக்கிறேன். அக்காவின் வேனில் குழாய் கிடையாது. மேலே கம்பியில் தண்ணீர்க் கேன் தொங்கும். அதிலிருந்து இறங்கும் டியூபில் சொட்டைக் கூட்டிக் குறைக்கிற சின்னச் சக்கரம் ஒன்று உண்டு. அதைக் கட்டைவிரலால் உருட்டினால், நோயாளிக்கு இறங்குகிற அதே நிதானத்தில் நம் கைக்குத் தண்ணீர் இறங்கும். சோப்பு நுரையோடு நான் காத்து நிற்பேன். "அவசரப்படாதலே, மெதுவாத்தான் எறங்கும்" என்பாள். முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள்.

ஓய்வு பெற்ற மறுமாதமே, பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றை வாங்கி அதிலேயே குடியேறிவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "முப்பது வருசம் யார் மணியடிச்சாலும் ஓடுனேன். மணியே இல்லாத எடத்துல செத்த இருந்து பாக்கேன்" என்றாள். எங்கள் ராஜபாளையம் பக்கம் எங்கும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். கம்பெனி கழித்துப்போட்ட சுருளை இரண்டாக மடித்துத் தைத்து ஜன்னல்களுக்குக் கொசுவலை போட்டாள். வெயிலுக்கு மறைப்பாகப் பழைய எக்ஸ்ரே படங்கள். யாரோ முகம் தெரியாத ஒருவரின் விலா எலும்புகள் வழியாகத்தான் அந்த வேனுக்குள் சூரியன் வரும். ஒழுகிய கூரைக்கு ஒரு கல்யாண ஃபிளெக்ஸ். மாப்பிள்ளையும் பெண்ணும் வானத்தைப் பார்த்துச் சிரித்தபடி நனைந்துகொண்டிருந்தார்கள். புதிதாக விலை கொடுத்து வாங்கிய ஆணி அந்த வண்டியில் ஒன்றாவது இருந்ததா என்பது சந்தேகம்.

நானோ பயந்தவன். அதிலும் படித்துவிட்டுப் பயப்படுகிறவன். மற்றவர்கள் பாம்பைப் பார்த்துப் பயப்படுவார்கள். நான் பாம்பைப் பற்றி நாற்பது பக்கம் படித்துவிட்டு, பாம்பு இல்லாத இடத்திலும் பயப்படுவேன். அக்கா வேனில் வாழத் தொடங்கியதிலிருந்து என் படிப்பு மிகவும் விரிந்துவிட்டது.

புரட்டாசி சனிக்கிழமைகளில் அவள் திருவண்ணாமலைக்கு வந்துவிடுவாள். தீபத் திருவண்ணாமலை அல்ல; ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் குன்றின்மேல் பெருமாள் இருக்கிற எங்கள் திருவண்ணாமலை. அடிவாரத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் வேனை நிறுத்திக்கொள்வாள். அந்தச் சனிக்கிழமை காலையில் நான் ராஜபாளையத்திலிருந்து போனபோது அவள் மலையேறக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "வீட்டோடு வந்துவிடு" என்று சொல்லிக் கூட்டிவரத்தான் என் மனைவி என்னை அனுப்பியிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா படியில் இறங்கி, "மழை வந்தா ஜன்னல சாத்து" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சும்மா இருக்கத் தெரிந்திருந்தால் இதை எழுதவேண்டி வந்திருக்காது. அடுப்புக்கும் சிலிண்டருக்கும் நடுவே, தரையில் ஓர் ஓட்டை இருந்தது. அதன்மேல் ஒரு டீ வடிகட்டியைக் கவிழ்த்துத் திருகியிருந்தாள். துருப்பிடித்து விழுந்த ஓட்டையை மூட வேறொன்றும் கிடைக்காமல் வடிகட்டியை வைத்திருக்கிறாளே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது வழியாக எந்தெந்தப் பாம்புகள் நுழையலாம் என்ற பட்டியல் வேறு மனதில் ஓடியது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஹார்டுவேர் கடைவரை போய் சிலிக்கான் பசை வாங்கிவந்து, வடிகட்டி தெரியாத அளவுக்கு உள்ளேயும் வேனுக்கு அடியிலும் பூசி மெழுகினேன். "ஓட்டையை அடைத்துவிட்டேன்" என்று சீட்டெழுதி வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். செய்த நல்லதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று பெருந்தன்மையாக வீடு திரும்பிவிட்டேன்.

மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தபடி, வேனில் வாழ்கிறவர்கள் செய்துகொள்ளும் ரிப்பேர்களைப் பற்றிப் போனில் படித்தேன். என் வேலையை உலகம் எப்படிச் செய்கிறது என்று பார்க்கும் ஆசைதான். அங்கேதான் அந்த வரி இருந்தது. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். அது வெளியேற அடுப்புக்குக் கீழே தரையில் கட்டாயம் ஒரு துளை விடவேண்டும்.

மணி மூன்றரை. அக்கா நாலு மணிக்கு டீ போடுவாள்.

போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். சட்டைப் பித்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி அடித்தேன். பால்கோவாக் கடைகள் முன்னால் சனிக்கிழமைக் கூட்டம் நிதானமாக ருசி பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் போன பஸ் ஒவ்வொரு இடத்திலும் நின்று ஆட்களை இறக்கியது. அடிவாரத்துப் பக்கம் புகை எழுகிறதா என்று பார்த்தேன். எழுந்தது. அன்னதானப் பந்தலின் அடுப்புப் புகை என்று தெரிவதற்குள் எனக்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது.

தோப்பில் வேனின் எல்லாக் கதவுகளும் திறந்து கிடந்தன. சிலிண்டர் வெளியே ஒரு தென்னையடியில் தனியாக நின்றது. வேனுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அக்காவின் கால்கள்.

என்னால் கிட்டே போக முடியவில்லை. நின்ற இடத்திலேயே, "அக்கா, டீ போட்டுட்டியா?" என்று கேட்டேன்.

இடது கால் அசைந்தது. "மூச்சு எரைக்க ஓடியாந்து டீயாலே கேக்க?"

நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். வேனுக்கு அடியில் படுத்து, ஆபரேஷன் பிளேடால் சிலிக்கானைச் சுரண்டிக்கொண்டிருந்தாள் அவள்.

"அடச்சது நீதான?"

"பாம்பு வந்துரும்னு…"

"வடிகட்டி எதுக்கு இருக்கு? பாம்பும் வரக்கூடாது, காஸும் போகணும். அடுப்பு டியூப அணில் கடிச்சி வச்சிருக்கு. கதவத் தெறந்தா கீழ குப்புனு வாடை. குனிஞ்சி மோந்து பாக்காம நான் தீக்குச்சி உரசுனதே கெடயாது, அதனால பொழச்சேன்." சுரண்டிய துண்டு ஒன்றை வெளியே எறிந்தாள். "நல்லாத்தான் ஒட்டியிருக்க. ஒன் ஆயுசுல நீ ஒழுங்காச் செஞ்ச ஒரே வேல இதுதான்."

"ஏன்க்கா போன எடுக்கல?"

அவள் வெளியே நகர்ந்து வந்தாள். முகமெல்லாம் துரு. பிளேடை மண்ணில் குத்தி வைத்தாள்.

"போனு உள்ள கெடந்துச்சு. உள்ள பூராம் காஸு. ஒரு பொறி போதும்னு நான் இந்த மரத்துக்குப் பின்னால போய் நின்னுட்டேன். நீ அடிக்க. அது மணியடிக்கி. நிறுத்துத. பெறகும் அடிக்க. எம்புட்டு நேரம்லே அடிப்ப?"

அவளைக் கொல்லப் பார்த்தது ஓட்டையை அடைத்தபோது ஒரு தடவை என்றுதான் வழிநெடுக எண்ணிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு தடவை போன் அடித்தபோதும் கொல்லப் பார்த்திருக்கிறேன் என்று தெரியாது.

எதற்காக வந்தேனோ அதை அப்போதுதான் சொன்னேன். "வீட்டுக்கு வந்துரு அக்கா."

"ஒன் வீட்டுக்கா? அங்க என்னத்தயெல்லாம் அடச்சி வச்சிருக்கியோ" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "வேணும்னா நான் கூப்புடுதேன். நீ கூப்புடாத" என்றாள்.

இரண்டு வருஷம் ஆகிறது. இன்று சனிக்கிழமை. வேன் ஆலங்குளம் பக்கம் எங்கேயோ நிற்கிறது. அங்கே மழை என்று சொன்னார்கள். அடுப்பு டியூபை மாற்றிவிட்டாள், ஓட்டை திறந்திருக்கிறது, குனிந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் தீக்குச்சி உரசுவாள். எல்லாம் எனக்குத் தெரியும். மணி நாலே கால். போனைக் கையில் வைத்துக்கொண்டு, கூப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறேன். அவளுக்காக நான் செய்யக்கூடிய ரிப்பேர் இது ஒன்றுதான். இதுவும் இன்னும் சரியாகப் பழகவில்லை.