கண்ணில் தங்கிய போர்

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் என் தம்பி மணி தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தான். நான் சற்றுத் தள்ளி நின்றிருந்தேன். ஒரு காய் சிதறிய அதே நேரத்தில் என் வலது கண்ணில் சுருக்கென்று ஏதோ குத்தியது. சிரட்டைத் துண்டு தெறித்துவிட்டது என்று நினைத்தேன்.

மணி செல்போன் விளக்கைப் போட்டு இமையை விலக்கிப் பார்த்தான். "ஒண்ணும் காணல்லியே அக்கா. சுத்தமாத்தான் இருக்கு. வீட்டுக்குப் போயி பச்சத்தண்ணியில கழுவு."

அந்தச் சிறிய வெளிச்சத்தை என்னால் தாங்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வலியைவிட அதுதான் எனக்கு விநோதமாக இருந்தது.

நான் ஓய்வுபெற்ற செவிலி. அறுபதைத் தாண்டியவள். கணவர் இறந்தபின் வலியசாலையில் தனியாக இருக்கிறேன். மகள் சுபா நகரத்தின் மறுகோடியில், கழக்கூட்டத்தில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை செய்கிறாள். கல்யாணமாகி அங்கேயே குடியிருக்கிறாள். மணி அடுத்த தெருவில் இருக்கிறான். சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்குக் கணக்குப் பார்க்கிறான்.

உறுத்தல் போகவில்லை. கண்ணுக்குள் மணல் கிடப்பது போலவே இருந்தது. வெயிலில் இறங்கினால் கண்ணீர் கொட்டியது. முதலில் பார்த்த மருத்துவர் 'உலர்கண்' (கண்ணீர் போதிய அளவு சுரக்காத நிலை) என்றார். வயதானவர்களுக்குச் சகஜம் என்று சொட்டு மருந்து எழுதினார். அடுத்தவர் ஒவ்வாமை என்றார். பிறகு, மூட்டுவாதத்தோடு சேர்ந்து வரும் கண்நோயாக இருக்கலாம் என்று இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அதிலும் ஒன்றுமில்லை. இதற்குள் இடது கண்ணும் உறுத்தத் தொடங்கியது.

ஒருநாள் காலை செய்தித்தாளை விரித்தபோது தலைப்பு எழுத்துகள் பால் ஊற்றியதுபோல் மங்கலாகத் தெரிந்தன. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தன. சுபாவைக் கூப்பிட்டேன்.

அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு, கருவிழிப் படலத்துக்கென்றே (கண்ணின் முன்புறம் கண்ணாடிபோல் இருக்கும் தெளிந்த படலம்) தனியாகப் படித்த ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனாள். அவர் மலையாளி. நாகர்கோவிலில் சில வருடம் வேலை பார்த்ததால் தமிழ் பேசினார். நான் செவிலி என்று தெரிந்ததும் "சிஸ்டர்" என்றே கூப்பிட்டார்.

உருப்பெருக்கிக் கருவியில் என் தாடையை வைக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். விளக்கைக் குறைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு கேட்டார்.

"சிஸ்டர், ஒரு காரியம் கேக்கட்டே? எப்பவாவது கண்ணுல ஆசிட் விழுந்ததுண்டா? சுண்ணாம்பு?"

"இல்ல சார்."

"ஃபாக்டரி, லேப், அப்படி எங்கயாவது ஜோலி?"

"ஆசுபத்திரி மட்டுந்தான் சார்."

திரையைத் திருப்பி என் கண்ணை எனக்கே காட்டினார். கருவிழியின் ஓரத்தில் பீங்கான்போல வெளுத்த திட்டுகள் இருந்தன. அங்கே இரத்த ஓட்டமே இல்லை. அதைச் சுற்றி இரத்தக் குழாய்கள் முறுக்கிக்கொண்டு கிடந்தன. "இது வயசால வர்றது இல்ல. பழைய பொள்ளல், வெந்த புண். எப்பவோ ரெண்டு கண்ணும் பொள்ளியிருக்கு. நல்லா ஓர்த்து யோசிச்சுப் பாருங்க. அடுத்த தடவை சொல்லுங்க."

வெளியே நடைபாதையில் உட்கார்ந்தோம். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சுபாதான் கேட்டாள்.

"அம்மா, நீ கல்யாணத்துக்கு முன்னாடி இரான்ல இருந்தேல்லா? அப்ப அங்க யுத்தம்லா நடந்துது?"

இரானும் இராக்கும் போரிட்டுக்கொண்டிருந்த எண்பதுகளில், தெற்கு இரானில் ஒரு நகர மருத்துவமனையில் வேலை செய்தேன். படித்து முடித்த கையோடு போனேன். எல்லை தொலைவில் இல்லை. குண்டடிபட்டவர்கள் வருவதும், கை கால் எடுப்பதும் எங்களுக்குப் பழகிவிட்டிருந்தது.

ஒருநாள் வந்தவர்கள் வேறு மாதிரி இருந்தார்கள். லாரியிலிருந்து தாங்களே இறங்கி நடந்து வந்தார்கள். உடம்பில் காயமில்லை. ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் உடைகளிலிருந்து பூண்டு நசுக்கிய வாசம் வந்தது. சமையலறையிலிருந்து வருகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். நனைந்திருந்த உடைகளைக் கத்தரித்து எடுக்கச் சொன்னார்கள். ஜன்னல்கள் மூடியிருந்த அறையில் நாங்கள் அதைச் செய்தோம்.

சாயங்காலத்துக்குள் அவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணைப் பொத்திக்கொள்ள ஆரம்பித்தார்கள். அக்குளிலும் இடுப்பிலும் தோல் நீர்கோத்து எழும்பியது. இருமல் ஓயவில்லை. சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவர் மட்டும் கொஞ்சம் ஆங்கிலம் பேசுவார். கட்டுப்போட்ட கண்களோடு, நான் அருகே போகும்போதெல்லாம், "சிஸ்டர், விளக்கு எரிகிறதா?" என்று கேட்பார். எரிகிறது என்பேன். சரி என்று தலையை ஆட்டுவார். அவர் பிழைக்கவில்லை.

தடை செய்யப்பட்ட ஆயுதம் என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். வெளிநாட்டு நிபுணர்கள் வந்து படம் எடுத்துப் போனார்கள். எங்கள் விடுதி வானொலியில், எதிரி நாடு அந்தக் குற்றச்சாட்டை அடியோடு மறுத்துவிட்டது என்று செய்தி வாசித்தார்கள். கேட்டுவிட்டு நான் வேலைக்குப் போனேன். வார்டில் காலி கட்டில் ஒன்றுகூட இல்லை.

இரண்டொரு நாளில் என் கண்களும் வீங்கிச் சிவந்து மூடிக்கொண்டன. தொற்று என்றார்கள். கட்டுப்போட்டுப் படுத்தேன். கொஞ்ச நாளில் சரியானது. ஊருக்குத் திரும்பினேன், இங்கே வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, சுபா பிறந்தாள். அந்தக் கண்வலியை நான் ஒரு நோயாக நினைத்ததே இல்லை.

அடுத்த முறை இதையெல்லாம் சொன்னபோது மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"கடுகு வாயு" என்றார். (பெயரில்தான் கடுகு, தோலையும் கண்ணையும் நுரையீரலையும் கொப்புளம் போட்டுப் புண்ணாக்கும் இரசாயன ஆயுதம் அது.) "நான் படிச்சிருக்கேன் சிஸ்டர். கண்டதில்ல. சிலருக்கு முப்பது நாப்பது வருஷம் கழிச்சுத் திரும்ப வரும்."

"அன்னைக்கே குணமாயிடுச்சே சார்?"

"குணமான மாதிரி இருந்துது. உள்ள ஒவ்வொண்ணா செத்துக்கிட்டு இருந்திருக்கு."

அவர் சொன்னது குருத்தணுக்களை (கருவிழியின் ஓரத்தில் இருந்துகொண்டு, தேயும் மேல்படலத்துக்குப் பதிலாகப் புதியதை உண்டாக்கும் அணுக்கள்). என் கண்களில் அவை அநேகமாகத் தீர்ந்துவிட்டன.

காரணத்தை உறுதியாக எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். அவர் தயங்கினார். இத்தனை ஆண்டுக்குப்பின் அந்த இரசாயனம் உடம்பில் இருக்காது, வடுதான் இருக்கும் என்றார். கோப்பில் 'சந்தேகிக்கப்படுகிறது' என்று எழுதினார். வானொலியில் கேட்ட அந்த மறுப்புச் செய்தி நினைவுக்கு வந்தது.

நுரையீரலையும் படம் எடுத்தார்கள். சிறு காற்றுக்குழாய்கள் சிலவற்றில் காற்று தங்குவது தெரிந்தது. இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம், ஆனால் கவனிக்க வேண்டும் என்றார்கள். இரத்த அணுக்களையும் அவ்வப்போது பார்க்கச் சொன்னார்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. இரத்தப் புற்றுநோய் வருகிறதா என்று பார்க்கத்தான் என்று செவிலிக்குத் தெரியும்.

அன்று வீட்டில் சுபா சமையலறை வாசலில் வந்து நின்றாள். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. குழந்தைக்காகக் காத்திருந்தார்கள்.

"அம்மா, இதெல்லாம் நான் பிறக்கதுக்கு முன்னாடி தானே?"

"ஆமா மக்ளே."

"அப்போ எனக்கும் இது மாதிரி வல்லதும் வருமா? எனக்குப் பிறக்கற பிள்ளைக்கு?"

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். "எனக்குத் தெரியாது மக்ளே" என்றேன். மறுமுறை மருத்துவரிடம் அவளே கேட்டாள். அப்படி வரும் என்று தெளிவாகக் காட்டிய ஆராய்ச்சி எதுவும் தன் கண்ணில் படவில்லை, வராது என்று சத்தியம் பண்ணவும் தன்னால் முடியாது என்றார். அதற்குப் பிறகு சுபா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் தும்மினாலும் திரும்பிப் பார்க்கும் பழக்கம் மட்டும் அவளுக்கு வந்துவிட்டது.

சிகிச்சை படிப்படியாக நடந்தது. கண்ணில் ஈரம் தங்குவதற்காக, கண்ணீர் வடியும் துளைகளை அடைத்தார்கள். இமையின் ஓரத்தைச் சிறிது தைத்துக் கண்ணின் திறப்பைக் குறைத்தார்கள். இடது கண் அதில் ஓரளவு அடங்கியது. வலது கண்ணில் படலம் மெலிந்துகொண்டே போனது. இப்படியே விட்டால் ஓட்டை விழலாம் என்றார் மருத்துவர். இரத்த உறவுள்ள ஒருவரின் கருவிழியோரத்திலிருந்து குருத்தணுக்கள் உள்ள சிறு கீற்று எடுத்து என் கண்ணில் ஒட்டுவதுதான் வழி.

சுபாவும் மணியும் இரத்தப் பரிசோதனைக்குப் போனார்கள். மணியின் இரத்தம்தான் நன்றாகப் பொருந்தியது. மகளின் கண்ணைத் தொட வேண்டியதில்லை என்று நான் உள்ளுக்குள் நிம்மதிப்பட்டேன். மணியின் முகத்தைப் பார்க்கத் தவறிவிட்டேன்.

அதன்பிறகு அவன் வரவில்லை. தினமும் கடைக்குப் போகும் வழியில் எட்டிப்பார்ப்பவன், ஒரு வாரம் வேறு தெரு வழியாகப் போனான். போன் செய்தால் தம்பி மனைவி எடுத்து, குளிக்கிறார் என்றாள். கண்ணை நம்பிப் பிழைப்பவனிடம் கண்ணைக் கேட்பது என்ன நியாயம் என்று எனக்கும் தோன்றியது. அறுவை வேண்டாம் என்று மருத்துவரிடம் சொல்லிவிட முடிவு செய்திருந்தேன்.

ஒரு மத்தியானம் அவனே வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றான்.

"எனக்குப் பேடியா, பயமா இருந்துது அக்கா. பொய் சொல்லல்ல."

"சாரமில்ல மணி, போகட்டு. வேண்டாம்னா வேண்டாம்."

"நீ சும்மா இரி. நான் சொல்லி முடிக்கட்டு." அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான். "நீ இரான்லேர்ந்து வந்தப்போ ஏர்போர்ட்ல கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு இறங்குனே. நான் அப்பம் பள்ளிக்கூடத்துல படிக்கேன். எங்க அக்கா சினிமாக்காரி மாதிரி வந்திருக்கான்னு கிளாஸ் முழுக்கச் சொல்லிக்கிட்டு நடந்தேன். நீ வெளிச்சம் கூசித்தான் போட்டிருக்கேன்னு ஒருத்தருக்கும் தோணல்லியே."

எனக்கே அது மறந்துபோயிருந்தது. உள்ளே வா என்றேன். காப்பி போட்டுக் கொடுத்தேன். எப்போது வரவேண்டும் என்று மருத்துவரிடம் அவனே கேட்டு வைத்திருந்தான்.

இருவரையும் ஒரே காலையில் அடுத்தடுத்து உள்ளே கொண்டுபோனார்கள். மணியின் கண் விரைவில் ஆறிவிட்டது. ஒன்றிரண்டு வாரம் சிவந்திருந்தது, கடைக்குப் போய்விட்டான். என் உடம்பு அவனுடைய அணுக்களை அந்நியமென்று விரட்டாமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகள் கொடுத்தார்கள். அதனால் காய்ச்சல் வந்தது, பின் சளி பிடித்தது, ஒருமுறை மருத்துவமனையில் படுக்க நேர்ந்தது. அந்த இருமலைக் கேட்டு சுபா அழுதாள். இது மாத்திரையால் வந்த சளியா, அந்தப் பழைய நுரையீரல் விழித்துக்கொண்டதா என்று மருத்துவர்களாலேயே உடனே சொல்ல முடியவில்லை. சளிதான் என்று தெரிய நாளாயிற்று.

ஒட்டு பிடித்துக்கொண்டது. பெரிய எழுத்துகளைப் படிக்கிறேன். தெருவில் எதிரே வருபவர்களை அடையாளம் தெரிகிறது. எத்தனை காலம் இப்படி இருக்கும் என்று கேட்டபோது, "இப்போ நின்னிருக்கு சிஸ்டர். அவ்வளவுதான் எனக்குச் சொல்ல முடியும்" என்றார் மருத்துவர்.

என்னைப் போல் போர் நடந்த நாடுகளில் வேலை செய்து திரும்பிய செவிலிகள் இந்த ஊரில் இன்னும் இருப்பார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கண் எரிந்தாலோ, இருமல் விடாமலிருந்தாலோ, எங்கே வேலை செய்தீர்கள், எதைத் தொட்டீர்கள் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். சின்ன வயதில் வந்து போனதுதானே என்று நீங்களே தள்ளிவிடவும் வேண்டாம்.

சென்ற மாதம் சுபாவின் வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. வேறு இரண்டு அண்டை நாடுகளுக்கு இடையே போர். தடை செய்யப்பட்ட ஆயுதம் பயன்படுத்தப்பட்டதாக ஒரு நாடு சொல்கிறது, மற்றது மறுக்கிறது, விசாரிக்க வேண்டுமென்று பலரும் கேட்கிறார்கள். ஒரு மருத்துவமனையைக் காட்டினார்கள். இளம் செவிலி ஒருத்தி நிருபரிடம் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சின் நடுவே புறங்கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள்.

சுபா ரிமோட்டை எடுத்தாள். "மாத்தட்டா அம்மா?"

"வேண்டாம், இருக்கட்டு."

அந்தப் பெண்ணுக்கு எத்தனை வயதிருக்கும் என்று கணக்குப் போட்டேன். அதோடு முப்பதைக் கூட்டினேன், பிறகு நாற்பதை. எந்த ஊரில், யாருடைய வீட்டில், எந்தக் காலை வெளிச்சத்தில் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று யோசித்தேன். இப்போதெல்லாம் எனக்கு வருடங்கள் அப்படித்தான் தெரிகின்றன. நடந்து முடிந்தது என்று எதையும் என்னால் சொல்ல முடிவதில்லை.

நிருபர் அவளிடம் நலமா என்று கேட்டார். நலமாக இருக்கிறேன் என்று சொல்லிச் சிரித்தாள். அவள் பொய் சொல்லவில்லை.