இணுவிலிலிருந்து வெளியே போகும் இரண்டு கோடுகள்

அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுகிழமையே நான் வேலைக்குப் போனேன். கனடாவிலிருந்து வந்திருந்த அண்ணைக்கு அது பிடிக்கவில்லை.

"நீ செத்தவீட்டிலையும் அழேல்லை. இப்ப வேலைக்கு வெளிக்கிடுறாய். உனக்கென்ன கல்லு நெஞ்சோ?"

அப்படித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கோ என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். விளக்கம் சொல்ல அலுப்பாக இருந்தது. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல உள்ளே எல்லாம் விறைத்துக் கிடந்தது. சாப்பிட்டேன், தூங்கினேன், கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

இணுவிலில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையம். இயந்திரங்கள் எல்லாம் அங்கேதான். உடுவில், குருநகர், நெல்லியடி ஆகிய இடங்களில் இருப்பவை இரத்தம் எடுக்கும் கிளைகள். எடுத்த இரத்தம் மோட்டார் சைக்கிளில் இணுவிலுக்குப் போகும். முடிவு அச்சடித்த தாளாகப் பின்னேரம் அதே மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும். இரத்தம் எடுக்கும்போது தந்த இலக்கத் துண்டைக் காட்டினால் தாளைத் தருவார்கள். இந்த நான்கு இடங்களையும் ஒரே வலையமைப்பில் இணைத்து, இயந்திரத்தில் முடிவு வந்த கையோடு கிளையில் அச்சாகும்படி செய்வதுதான் என் வேலை.

அந்த வேலையை நானே கேட்டு வாங்கினேன். அம்மாவுக்குச் சிறுநீரக வருத்தம். கடைசி நாள் காலையில் நெல்லியடிக் கிளையில்தான் இரத்தம் கொடுத்தோம். பொட்டாசியம் கூடியிருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள், கூடினால் இதயம் நின்றுவிடுமாம். அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு மத்தியானத்திலிருந்து கிளையின் பிளாஸ்டிக் கதிரையில் துண்டோடு இருந்தேன். மோட்டார் சைக்கிள் வர ஐந்து மணியாயிற்று. கூடியிருந்தது. தாளோடு வீட்டுக்குப் போனபோது அம்மா இல்லை. இனி ஒருவரும் அந்தக் கதிரையில் அப்படி இருக்கக்கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கருவிகள் வாங்குவதற்கு முன் எல்லாவற்றையும் கணினிக்குள் கட்டிப் பார்ப்பது எங்கள் தொழில் வழக்கம். ரௌட்டர் படத்தையும் சுவிட்ச் படத்தையும் இழுத்து வைத்துக் கோடு போட்டால், உண்மையான வலையமைப்பு நடப்பது போலவே நடக்கும். அனுப்பும் தகவல் ஒரு சின்னக் கடித உறையாகக் கோட்டின் மேல் ஊர்ந்து போகும். இணுவிலிலிருந்து வெளியே போக இரண்டு கோடுகள் போட்டேன். இரண்டு வெவ்வேறு கம்பனிகளின் இணைப்பு, ஒன்று நீலம், மற்றது செம்மஞ்சள். நீலத்தை அறுத்தேன். உறை கொஞ்சம் தயங்கிவிட்டுச் செம்மஞ்சளில் போனது. ரௌட்டரை நிறுத்தினேன், மின்சாரத்தை எடுத்தேன், எல்லாக் கிளையையும் ஒரே நேரத்தில் அனுப்ப வைத்தேன். ஒவ்வொரு முறையும் உறை நெல்லியடிக்குப் போய்ச் சேர்ந்தது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, துக்கமும் வரவில்லை. திரும்ப முதலிலிருந்து அறுத்துப் பார்த்தேன்.

நிலையத்தின் சொந்தக்காரரான டொக்டர் ஒருநாள் பின்னால் நின்று பார்த்தார்.

"பிள்ளை, உந்த ரெண்டும் ஒரேயடியாப் போனால்? சிம் போடுற ரௌட்டர் ஒண்டையும் வைப்பமே?"

"ரெண்டும் ஒண்டாப் போகாது, ஐயா. எல்லா வழியாலையும் சோதிச்சுப் பாத்திட்டன்."

இதைப் படித்தவள் நானா இவரா என்று உள்ளுக்குள் எரிச்சல்பட்டேன். அவர் பாவம், தன் அறைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

கருவிகளை வாங்கிப் பூட்டி ஒரு மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒருநாள் காலை பத்து மணிபோல, என் திரையில் மூன்று கிளைகளும் சிவப்பாயின. நீலமும் இல்லை, செம்மஞ்சளும் இல்லை. வெளியே ஓடினேன். வீதியில் ஏணி வைத்துக் கம்பிகளைக் கழற்றிக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கம்பனிகளின் கம்பிகளும் ஒரே தூணில் ஒன்றுக்குக் கீழே ஒன்றாகத்தான் இவ்வளவு நாளும் தொங்கியிருக்கின்றன.

"என்ன அண்ணை செய்யிறியள்?"

"இண்டைக்குத் தேரெல்லோ, தங்கச்சி. தேர் போகவேண்டாமோ? தேர் சுத்தி இருப்புக்கு வந்தாப்பிறகுதான் திரும்பக் கட்டுவம்."

அம்மா பிறந்த ஊர் இணுவில். ஒவ்வொரு வருடமும் தேருக்கு மாமா வீட்டுக்கு வந்து, படலை வாசலில் நின்று கம்பி இறக்குவதை வேடிக்கை பார்த்து வளர்ந்தவள் நான். அம்மாவின் ஒரு வருட ஆட்டைத் திவசம் முடியும்வரை நாங்கள் கோயிலுக்குப் போகக்கூடாது என்பதால் மாமா இந்த முறை கூப்பிடவில்லை. கோயில் இல்லையென்றதும் தேரும் என் நினைவிலிருந்து போய்விட்டது. அன்று காலைகூட வாழைமரம் கட்டிய வாசல்களைத் தாண்டித்தான் ஸ்கூட்டியில் வந்திருக்கிறேன். கண் பார்த்தது, மனதில் ஒன்றும் ஏறவில்லை. தேருக்கு மின்சாரம் நிற்கும் என்று நிலையத்தில் ஜெனரேற்றருக்கு டீசல் ஊற்றி வைத்திருந்தார்கள். வலையமைப்பைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அது என் பொறுப்பு.

போன் அடித்தது. நெல்லியடிக் கிளையில் வேலை செய்யும் பெண்.

"அக்கா, லைன் இல்லை. இஞ்சை ஒரு ஐயா காலமை தொடக்கம் இருக்கிறார். மனுசியின்ரை பொட்டாசியமாம். துண்டை நீட்டி நீட்டிக் கேக்கிறார்."

"பொறு, சிம் ஒண்டு தேடிப் போடுறன். இல்லாட்டி மோட்டார் சைக்கிளிலை தாளை அனுப்பலாமோ எண்டு பாக்கிறன். றோட்டெல்லாம் சனம்."

"அங்கை மெஷினிலை முடிவு வந்திட்டுதோ, அக்கா?"

எட்டிப் பார்த்தேன். வந்திருந்தது.

"அப்ப அதை வாசிச்சுச் சொல்லுங்கோவன். நான் எழுதிக் குடுக்கிறன்."

பெயரை வாசித்தேன். துண்டு இலக்கத்தை வாசித்தேன். அளவை இரண்டு தரம் வாசித்தேன். அவளும் திருப்பிச் சொன்னாள். "கூடியிருக்கு. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லு" என்றேன். கதிரை இழுபடும் சத்தமும் யாரோ ஓடும் சத்தமும் கேட்டன. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பின்னேரம் அவள் திரும்பப் போன் எடுத்து, அந்த அம்மா ஆஸ்பத்திரி வாட்டில் இருக்கிறா, பயமில்லையாம் என்று சொன்னாள்.

அதற்கு முன்பே நான் இயந்திரங்களுக்கு நடுவே நிலத்தில் குந்தியிருந்து அழத் தொடங்கிவிட்டேன். சத்தம் கேட்டு டொக்டர் ஓடிவந்தார்.

"லைன் போனதுக்கே பிள்ளை உந்த அழுகை? தேர் முடிய வந்திடும். ஒரு சிம்மைப் போட்டால் சரி."

அம்மாவைக் கொன்றது அந்த மோட்டார் சைக்கிள் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவள் என்று அண்ணை திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவருக்கு இது தெரியாது. அம்மாவின் தாளில், மூலையில், முடிவு வந்த நேரம் அச்சாகியிருக்கிறது: பன்னிரண்டே முக்கால். ஐந்து மணிவரை நான் அந்தக் கதிரையில் போனோடுதான் இருந்தேன். அண்ணையோடு இரண்டு தரம் கதைத்தேன். இணுவிலுக்கு ஒரு கோல் எடுத்து, வாசித்துச் சொல்லுங்கோ என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.