பெருவிரல் பக்கத்து நரம்பு

இருபத்தொன்பது வயதில்தான் வசேமதாவுக்குத் தீவு நாட்டுத் தலைநகரான சுவாவின் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அதற்கு முன் ஏழு வருடம் கடாவுத் தீவின் ஒரு சின்ன மருத்துவ நிலையத்தில் நர்ஸாக இருந்தாள். டாக்டர் என்று ஒருவர் படகில் மாதம் ஒரு முறை வருவார். மற்ற நாட்களில் பிரசவம், தையல், காய்ச்சல் எல்லாமே அவள் தலையில்தான். இரண்டு முறை விண்ணப்பித்துத் தள்ளுபடியாகி, மூன்றாம் முறை கூப்பிட்டார்கள். ஊரே தேவாலயத்தில் எழுந்து நின்று அவளுக்காக ஜெபித்தது.

சுவாவில் அத்தை வீட்டில் தங்கினாள். அத்தை சந்தையில் மீன் விற்பவள். அவள் மகள் கெலேராவுக்கு வயது பத்தொன்பது. அவளும் அதே வருடம் அதே வகுப்பில் சேர்ந்திருந்தாள். பள்ளியை முடித்தாள், விண்ணப்பித்தாள், முதல் முறையே கிடைத்துவிட்டது. அத்தை இதைச் சொன்னபோது வசேமதா சிரித்துத் தலையாட்டினாள். அன்று மரவள்ளிக்கிழங்கைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் நிம்மதியாக இருந்தாள். கெலேரா புத்தகத்தைத் திறந்தால் தூங்கிவிடுவாள். வசேமதாவோ கழிவறைச் சுவரில்கூட எலும்பு, தசை, நரம்புப் பெயர்களை எழுதி ஒட்டியிருந்தாள். முதல் இரண்டு தேர்வுகளிலும் வகுப்பில் முதலிடம் அவளுக்குத்தான். கெலேரா மயிரிழையில் தேறினாள்.

"மதினி, உன் மூளையில கொஞ்சம் எனக்கு வெட்டிக் குடேன்" என்பாள் கெலேரா. மூத்த மாமன் மகள் என்பதால் வசேமதா அவளுக்கு மதினி.

"நீ முதல்ல குறட்டையை நிறுத்து" என்பாள் வசேமதா. சொல்லும்போது உள்ளே இனித்தது.

உடற்கூற்று அறைக்குள் முதல் நாள் போனபோது மருந்து நெடி கண்ணை எரித்தது. ஆறு மேசைகள், ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துணி மூடிய ஓர் உடல். ஒரு மாணவன் ஜெபம் செய்தான். பிறகு டாக்டர் சுருஜ்பாலி பேசினார். குள்ளமான பெண்மணி, அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

"இவங்க உயிரோட இருக்கும்போதே, செத்த பிறகு என் உடம்பு பிள்ளைங்க படிக்க உதவட்டும்னு கையெழுத்துப் போட்டவங்க. பேரு நமக்குத் தெரியாது. மரியாதை தெரியணும். இன்னிக்கு வலது முன்கை. தோலை மட்டும் எடுக்கணும். அடியில இருக்கற எதுவும் அறுபடக் கூடாது."

வசேமதாவும் கெலேராவும் நான்காம் மேசை. அவர்களோடு தெபாவு என்ற கிரிபாட்டித் தீவுக்காரனும் இருந்தான். மேசையில் ஒரு முதியவர். நகங்கள் ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தன.

"நர்ஸ் அக்காதான் முதல்ல" என்றான் தெபாவு. அதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. வசேமதாவுக்கும் இல்லை.

கத்தியை எடுத்துத் தோலில் வைத்தாள். அது இறங்கவில்லை. மருந்தில் ஊறிய தோல் பழைய செருப்புத் தோல்போல் விறைத்திருந்தது. அழுத்தினாள், சட்டென்று ஆழமாக இறங்கித் தசையைக் கீறியது. அவள் எத்தனையோ பேருக்குத் தையல் போட்டிருக்கிறாள். அங்கெல்லாம் வலிக்கிறவர் முகம் சுளிப்பார், அதைப் பார்த்துக் கை தானாக மெதுவாகும். இங்கே சொல்வார் யாரும் இல்லை. மறுபடி வைத்தாள். மூன்றாவது முறை தோல் கந்தலாகக் கிழிந்தது.

டாக்டர் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. "போதும். அடுத்தவங்க எடுங்க" என்றார்.

கெலேரா முன்னால் வந்தாள். "துலோ" என்று முதியவரிடம் மெல்லச் சொன்னாள், தீவு வழக்கத்தில் பெரியவர்களின் தலைக்கு மேலே கை நீட்டுகிறவர்கள் மன்னிப்புக் கேட்பதுபோல. வசேமதாவுக்கு அது தோன்றவே இல்லை. பிறகு கெலேரா இடுக்கியால் தோலின் ஓரத்தைப் பிடித்து இழுத்து, கத்தியைப் படுக்கவாட்டில் வைத்தாள். தோல் ஓசையில்லாமல் பிரிந்துகொண்டே போனது. அடியில் மஞ்சள் கொழுப்பு ஒரு கீறலும் இல்லாமல் கிடந்தது.

"இதுக்கு முன்னாடி எங்க கத்தி பிடிச்சே?" என்று கேட்டார் டாக்டர்.

"சந்தையில, டாக்டர். மீன் கடை."

யாரோ சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. "எல்லாரும் இங்க வாங்க. இந்தப் பொண்ணு கையைப் பாருங்க."

மற்ற ஐந்து மேசைக்காரர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். வசேமதாவை முழங்கையால் நகர்த்தி ஒருவன் எட்டிப் பார்த்தான். ஏழு வருடம் தான் தைத்த தையல்களும் பிடித்தெடுத்த குழந்தைகளும் அந்த முழங்கை இடியில் ஒன்றுமில்லாமல் போனதாக அவளுக்குப் பட்டது. இந்தப் பெண் ஒரு பக்கமாவது ஒழுங்காகப் படித்திருப்பாளா என்று நினைத்தாள்.

கூட்டம் கலைந்தது. தெபாவு துடைக்கத் துணி எடுக்கப் போனான். கெலேரா கொழுப்பை அகற்றத் தொடங்கினாள். மணிக்கட்டுக்கு மேலே, பெருவிரல் பக்கம், கொழுப்புக்குள் வெளிறிய நூல் ஒன்று தெரிந்தது. கெலேரா நிறுத்தினாள்.

"மதினி, இது என்ன? நரம்பா?"

ரேடியல் நரம்பின் கிளை. பெருவிரலின் பின்பக்கத்துக்கு உணர்ச்சி கொடுப்பது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வசேமதா சொல்வாள்.

"ச்சே, கொழுப்போட நார்தான். எடுத்துடு" என்றாள்.

கெலேரா ஒரு கணம் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு வெட்டினாள்.

வகுப்பு முடியுமுன் டாக்டர் வந்து அந்த நரம்பைக் காட்டச் சொன்னார். வெட்டுப்பட்ட நுனிதான் இருந்தது.

"கை மட்டும் இருந்தா போதாதும்மா. உயிரோட இருக்கற ஆளா இருந்தா இந்நேரம் அவர் விரல் மரத்துப் போயிருக்கும். யாரையும் கேக்காமலா வெட்டினே?"

வசேமதா கத்தியைத் துடைக்கக் குனிந்தாள்.

"நான்தான் சரியாப் பாக்கல, டாக்டர்" என்றாள் கெலேரா.

இருவரும் பஸ் ஏறி வீட்டுக்குத் திரும்பினார்கள். மாட்டிக்கொள்ளாத நிம்மதி வசேமதாவுக்கு மூன்று நிறுத்தம்கூட நீடிக்கவில்லை. அதன் பிறகு வந்தது கோபம். காட்டிக்கொடுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். கை வேலையிலும் மிஞ்சிவிட்டாள், இப்போது குணத்திலும் மிஞ்சிவிட்டாள். இதற்கும் சேர்த்து வயிறு எரிந்தது.

சனிக்கிழமை காலை, பொறுக்க முடியாமல் சந்தைக்குப் போனாள். கெலேரா ரப்பர் காலணியோடு வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு அது நரம்புன்னு எனக்குத் தெரியும்" என்றாள் வசேமதா, முன்னுரை எதுவும் இல்லாமல்.

"எனக்கும் தெரியும், உனக்குத் தெரியும்னு" என்றாள் கெலேரா, நிமிராமல். "கழிவறையில உக்கார்ந்தா அந்தப் பேருதான் என் மூக்குக்கு நேரா இருக்கு. ஆனா அதுதான் இதுன்னு டாக்டர் கேக்கற வரைக்கும் நிச்சயமாத் தெரியல. நீ சொன்னியேன்னு வெட்டினேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொல்லி? நாம ரெண்டு பேரும் ஒரே பாயில படுக்கறோம். நீ ராத்திரி பூரா அழுவே, எனக்குத் தூக்கம் கெடும்." கத்தியைக் கழுவினாள். "ஆனா அந்தப் பெரியவருக்குப் பண்ணதுதான் எனக்குப் பொறுக்கல. என்மேல கோபம்னா என்னை ரெண்டு அடி அடிச்சிருக்கலாமே, மதினி."

வசேமதா அழுதாள். பக்கத்துக் கடைக்காரி, யாராவது செத்துப் போனார்களா என்று விசாரித்தாள். "ஆமா, இவ கர்வம்" என்றாள் கெலேரா. பிறகு ஒரு மீனைத் தள்ளி வைத்துக் கத்தியை நீட்டினாள். "நிக்காதே, பிடி. இழுக்கற கைதான் வேலை செய்யணும். கத்தி சும்மா தொட்டுக்கிட்டுப் போனாப் போதும்."

திங்கட்கிழமை வசேமதா டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒரு மனுஷர் தன்கிட்ட இருந்த கடைசிப் பொருளைக் குடுத்துட்டுப் போயிருக்கார். அதை வெச்சு நீ வஞ்சம் தீத்திருக்கே. ஒரு மாசம் கத்தியைத் தொடாதே. நின்னு, மத்தவங்க வெட்டற இடத்தைத் துடைச்சுக் குடு."

ஒரு மாதம் துடைத்துக் கொடுத்தாள். கெலேரா பெயர் கேட்டபோதெல்லாம் சரியாகச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் கெலேரா, "நிச்சயமா? நாரில்லையே?" என்று கேட்டுவிட்டுத்தான் கத்தியை வைத்தாள். தெபாவுக்கு ஏன் என்று புரியவில்லை. வருடக் கடைசியில் உடல் கொடுத்தவர்களுக்காக நடந்த நன்றி வழிபாட்டில், நான்காம் மேசைக்காக மலர்வளையம் வைத்தவள் வசேமதா.

சில வருடங்களில் இருவரும் படிப்பை முடித்துத் தேறினார்கள். கெலேரா சுவாவிலேயே அறுவை சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தாள். வசேமதா கடாவுக்கே டாக்டராகத் திரும்பினாள். அறுவை தேவைப்படும் நோயாளிகளைக் கெலேராவிடம் அனுப்புவாள். போனில் அரை மணி நேரம் திட்டிக்கொண்டு சிரிப்பார்கள். அந்த நரம்புக் கதையைக் கெலேரா எல்லாக் கல்யாணத்திலும் சொல்வாள். மதினி முறை என்றால் கேலி செய்ய உரிமை உண்டு, கோபித்துக்கொள்ள வழியில்லை.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. போன மாதம் படகுக்காரர் ஒருவர் குடல் அறுவை முடிந்து தீவுக்குத் திரும்பினார். சட்டையைத் தூக்கிக் காட்டி, "உங்க அத்தை மக போட்ட தையல், பாருங்க டாக்டர், கோடு மாதிரி" என்றார். "ஆறியிருக்கு, நல்லாத்தான் இருக்கு" என்றாள் வசேமதா. பிறகு சட்டையை இறக்கச் சொல்லாமல், வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.