அழுததாக எழுதப்பட்டவள்

என் அக்கா பதினெட்டாம் வயதில் துணி ஆலையில் சேர்ந்தாள். நெய்த துணியில் இழை அறுந்த இடங்களைக் கண்டுபிடித்துக் குறியிடுவது அவள் வேலை. அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசைமேல் துணி ஓடிக்கொண்டேயிருக்கும். இமைத்தால் ஓர் அங்குலம் தப்பிவிடும் என்பாள். குளிர்சாதனக் காற்று நேராக முகத்தில் அடிக்கும். உடன் வேலை செய்தவர்கள் அவளைப் ‘பருந்து’ என்றழைத்தார்கள். எட்டாம் ஆண்டிலிருந்து, மாலையில் அவள் வீடு திரும்பும்போது கண்கள் சிவந்து நீர் வழிந்தது.

குடும்பக் குறிப்பேட்டை எழுதிவருபவன் நான். ‘அக்கா இன்றும் அழுதபடி வந்தாள்’ என்று தேதியிட்டுப் பலமுறை எழுதியிருக்கிறேன். அவள் சொன்னதை மட்டும் எழுதவில்லை.

“அழலடா. மண்ணு விழுந்த மாதிரி உறுத்துது. அப்புறம் தண்ணியா கொட்டுது.”

“யாருக்கா உன்னைத் திட்டுறது? மேனேஜரா?”

“அவரா? சூப்பர்வைசர் வேலைக்கு என் பேரை எழுதிக் கொடுத்திருக்காரு அந்த மனுஷன். போய் உன் வேலையப் பாரு.”

மறைக்கிறாள் என்று நானே முடிவுகட்டினேன். ஒருநாள் ஆலைக்குள் புகுந்து, நாற்பது பேர் பார்க்க மேலாளரிடம் கத்தினேன்.

“ஒரு பொம்பளைய தினமும் அழவைக்கிறீங்களே, வெக்கமா இல்ல?”

அக்கா சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்தாள். மறுநாள் போகவில்லை. எந்த முகத்தோடு போவது என்றாள். ‘மேலாளரின் கொடுமையால் அக்கா வேலையை விட்டாள்’ என்று எழுதினேன்.

சென்ற மாதம் அக்காவுக்கு உறுத்தல் பொறுக்காமல் கண் மருத்துவரிடம் போனோம். அவர் கீழிமையில் ஒரு காகிதத் துண்டைச் செருகி ஐந்து நிமிடம் வைத்தார். அதன் நுனி மட்டுமே நனைந்திருந்தது.

“கண்ணு வறண்டு போயிருக்குங்க. அந்த எரிச்சல்லதான் தண்ணி கொட்டுது. ஆனா அது கண்ணுல நிக்காது. நான் தர்ற சொட்டு மருந்தை விடாம போடுங்க. காத்து நேரா முகத்துல படக்கூடாது. எதையாவது உத்துப் பார்த்தா, நடுநடுவே நிறுத்தி நல்லா இமைங்க. ஆலையில இருந்தப்பவே வந்திருந்தா, இடத்தை மாத்திப் போட்டு, மருந்தோட சமாளிச்சிருக்கலாமே?”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. எனக்குத் தலை நிமிரவில்லை. வெளியே வந்ததும், “அக்கா, நான்...” என்று இழுத்தேன்.

“விடுடா. நான் நெஜமாவே அழுதது ஒருநாள்தான். நீ வந்து கத்தினியே, அன்னைக்கு,” என்று சிரித்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நேற்று அந்தப் பழைய வரியை அடித்துவிட்டு, கீழே எழுதினேன்: மேலாளர் மீது குற்றமில்லை. வேலையைப் பறித்தவன் தம்பி. வேலையில் பதினோர் ஆண்டு. வேலையின்றிப் பதினாறு ஆண்டு.