வேண்டிக்கொண்டவன் தலை

தொண்ணூறுகளில் நாட்டின் கதவைத் திறந்துவிட்டதாக டில்லியில் மார்தட்டிக்கொண்டார்கள். அந்தக் கதவு வழியாகப் பாலசமுத்திரத்துக்குள் வந்தவை ஷாம்பூ பாக்கெட்டும் கலர் டி.வி.யும். வெளியே போனவர்கள் பெண்கள். அவர்களில் ஒருத்தி பிரேமலதா. சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத வீட்டைச் சேர்ந்தவள். அடுத்தவர் கரும்புத் தோட்டத்தில் காய்ந்த சோகை உரித்துக் கூலி வாங்கியவள். குவைத்தில் ஒரு வீட்டில் குழந்தை பார்க்கும் வேலைக்கு விசா கேட்டிருந்தாள்.

விசா கேட்டவள் அவள். வேண்டிக்கொண்டவன் அவள் கணவன் கோபிகிருஷ்ணன். விசா வந்தால் பெண்டாட்டியின் முடியைக் காணிக்கை தருவதாகத் திருப்பதி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டான். தனக்கும் ஒரு தலை இருப்பது அப்போது அவன் நினைவுக்கு வரவில்லை. அதில் சினிமா நடிகர் மாதிரி கிராப்பு, கீழே அதற்கேற்ற மீசை. இரண்டையும் பராமரிப்பதுதான் அவன் செய்துவந்த ஒரே முழுநேர வேலை. மனைவியின் கூலியைத் தன்னுடையதாக எண்ணிப் பழகியவனுக்கு அவள் முடியும் அப்படியே தோன்றியதில் வியப்பில்லை. இந்த நாட்டில் பக்தியில் பாதி, அடுத்தவர் பொருளைக் கொடுத்துப் புண்ணியம் தேடுவதுதான்.

விசா வந்தது. விமானம் ஏறுவதற்கு முன் மலைக்கு அழைத்துப் போனான்.

"ஏன்யா, பாஸ்போர்ட்டுல ஜடையோட கீறேன். அங்க கேக்க மாட்டாங்க?"

"அதெல்லாம் சாமி பாத்துக்கும். நீ குந்து."

சாமி பார்த்துக்கொள்ளவில்லை. குவைத் விமான நிலையத்தில் அதிகாரி படத்திலிருந்த ஜடையையும் முக்காட்டுக்குள்ளிருந்த மொட்டையையும் மாறி மாறிப் பார்த்தான். அறையொன்றில் உட்காரவைத்து, வேறு இருவரைக் கூப்பிட்டுக் காட்டி, கடைசியில் பாஸ்போர்ட்டில் குறித்திருந்த மச்சத்தை வைத்துத்தான் வெளியே விட்டான். வேலைக்குப் போன வீட்டின் வீட்டுக்காரி அவள் தலையைப் பார்த்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஏஜெண்டு சீக்காளியை அனுப்பி ஏமாற்றிவிட்டானாம். சாமான் அறையில் படுக்கை, தனித் தட்டு. திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள பிரேமலதாவுக்கு அரபி தேவைப்படவில்லை. கரும்புத் தோட்டம் கண்முன் வந்தது.

ரத்தப் பரிசோதனையில் குற்றமில்லை என்று வந்தும் அந்த அம்மாளுக்கு நம்பிக்கை வரவில்லை. பக்கத்து வீட்டில் வேலை செய்த நாகலாபுரம் ருக்மணியைக் கூப்பிட்டாள். ருக்மணி அங்கே பல வருடம் இருந்து பேச்சு பழகியவள்.

"இன்னா சீக்குன்னு கேக்குது."

"சீக்கு இல்லக்கா. விசாவுக்கு வேண்டுதல்."

ருக்மணி சொன்னதும் வீட்டுக்காரியின் முகம் கொஞ்சம் இளகியது.

"அவங்கள்லயும் மெக்கா போனா மொட்டை உண்டாம். ஆம்பளைங்கதானாம். பொம்பளைங்க விரல் நுனி அளவு வெட்டினா போதுமாம். சரி, யாரு வேண்டிக்கினதுன்னு கேக்குது."

"எங்க வூட்டுக்காரரு."

"அப்ப அவரு தலை?"

பிரேமலதா தரையைப் பார்த்தாள். "அது அப்படியேதான் கீது."

தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்துகொள்ளும் அளவுக்கு வீட்டுக்காரி சிரித்தாள். அழுத குழந்தையைத் தூக்கி பிரேமலதாவின் கையில் கொடுத்தாள். வேலை நிலைத்தது.

உடனே அந்த அம்மாளை நியாயவாதி என்று நினைத்துவிட வேண்டாம். சிரித்து முடித்த கையோடு பாஸ்போர்ட்டை வாங்கி பீரோவில் பூட்டினாள். எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பாடு. தனியாகத் தெருவில் கால் வைக்கக் கூடாது. ஊர் அடிமைத்தனத்துக்கு வெயில். அங்கே ஏ.சி. போட்டிருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பிரேமலதா பழகிக்கொண்டாள். அடுப்பையும் துணி துவைக்கும் மெஷினையும் பழகினாள். திட்டு எது, கட்டளை எது என்று குரலை வைத்தே பிரித்தறியக் கற்றாள். குழந்தை, அவள் தலையில் புதிதாக முளைத்த முடியைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்கும் என்றாகிவிட்டது.

இரண்டு வருடத்தில் முடி மறுபடி ஜடையாக வளர்ந்து, முதல் விடுமுறை நெருங்கியபோது கோபிகிருஷ்ணன் போனில் சொன்னான்: "நீ நல்லபடியா வந்து சேந்தா முடி குடுக்கிறேன்னு வேண்டிக்கினுகீறேன்."

"யாரு முடி?"

"உன்னுதுதான். வேற யாருது?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

மெட்ராஸ் விமான நிலையத்திலிருந்து, கோபிகிருஷ்ணன் அமர்த்தி வந்த வேன் நேராக மலைக்குப் போனது. முடி எடுக்கும் மண்டபத்தில், டோக்கனையும் பிளேடையும் வாங்கி அவன் கையில் வைத்தாள்.

"குந்துய்யா."

"நானா?"

"வேண்டிக்கினது யாரு?"

"உன் முடின்னு சொல்லிக்கீறேன்டி. சாமி குத்தம் ஆய்டும்."

"என் முடிய குடுக்க நீ யாரு? மொட்டைத் தலையோட மறுபடி அந்த ஏர்போர்ட்டுல போய் நிக்க மாட்டேன். நீ குந்தலன்னா, இப்டியே திரும்பி மெட்ராஸ் போய்க்கினே இருப்பேன். அப்பறம் நீயே கரும்பு வெட்டித் துன்னு."

பின்னால் வரிசையில் நின்றவர், சீக்கிரம் உட்காரச் சொல்லித் தெலுங்கில் கத்தினார்: "தொந்தரகா கூர்ச்சோவய்யா!"

சாமி குற்றத்தையும் கரும்பு வெட்டுவதையும் சீர்தூக்கிப் பார்த்தவன் உட்கார்ந்தான். தலையைத் தண்ணீரில் நனைத்த நாவிதர் நிமிர்ந்து, "மீசை?" என்றார்.

"அத்தையும் எடுங்க" என்றாள் பிரேமலதா.

மறுநாள் ஊர் டீக்கடையில் பெரியவர் பாலையா கேட்டார்: "இன்னாடா, யாரு செத்தது?"

"வேண்டுதல்."

"உன் வேண்டுதலுக்கு உன் தலையையே எடுத்துட்டாங்களா! அநியாயமா கீதே!"

கடையே சிரித்தது. அவன் மனம் திருந்தினான் என்று எழுதினால் படிப்பவர்களுக்கு இதமாக இருக்கும். திருந்தவில்லை. மீசை வளரும்வரை டீக்கடைப் பக்கம் போகவில்லை.

விடுமுறை முடிந்து பிரேமலதா போனாள். விமான நிலைய அதிகாரி படத்தைப் பார்த்தான், ஆளைப் பார்த்தான், முத்திரை குத்தினான். குழந்தை அவளை அடையாளம் தெரியாமல் முழித்துவிட்டு, கடைசியில் ஜடையைப் பிடித்துக்கொண்டது.

அடுத்த முறை விசாவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. கோபிகிருஷ்ணன் எந்தச் சாமியிடமும் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. விசா வந்தது.