என் வீட்டுக்காரரின் மறதியும் முருகன் காட்டிய வழியும்

முருகனே கதி என்று வாழும் சொந்தங்களே, பம்பாய் செம்பூரிலிருந்து பேச்சியம்மாள் எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. கோவில் மண்டபத்தில் இதைச் சொன்னபோது, "யக்கா, எழுதிக் குடுங்க, நாலு பேருக்கு உதவும்" என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன், ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் காணாமல் போனார். பாத்திரக் கடையைத் திறந்து, சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, கடையை அப்படியே போட்டுவிட்டு எங்கோ நடந்திருக்கிறார். பக்கத்துக் கடைக்காரர் போன் செய்தபோது மணி பத்து. கொட்டுகிற மழையில் ஸ்டேஷன், மார்க்கெட், கோவில் என்று ஓடினேன். "முருகா, அவரக் கண்ணுல காட்டு" என்பதைத் தவிர வேறு வார்த்தை என் வாயில் வரவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு, செம்பூருக்கு அடுத்த கோவண்டியிலிருந்து ஒரு டீக்கடைக்காரர் பேசினார். என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் இருந்த எங்கள் கடை பில்லில் நம்பரைப் பார்த்தாராம்.

"யக்கா, அண்ணாச்சி இங்கதான் இருக்காவ. வீடு எங்கன்னு கேட்டா, திருநெல்வேலிக்கு பஸ் எப்பன்னு கேக்காவ."

ஓடிப்போய்ப் பார்த்தேன். நனைந்த சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார், யாரோ வேற்று ஆளைக் கும்பிடுகிற மாதிரி. அங்கேயே என் நெஞ்சு உடைந்துவிட்டது.

மறைக்காமல் சொல்கிறேன். இது அன்றைக்கு ஆரம்பித்ததல்ல. அதற்கு இரண்டு வருடம் முன்பிருந்தே ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார். சாவியை நான் ஒளித்து வைத்தேன் என்று சண்டை போடுவார். சொந்தக்காரர்கள் செய்வினை என்றார்கள். நானும் தாயத்து கட்டினேன். டாக்டரிடம் போக வெட்கம். ஒருநாள், "எங்கம்மா சாப்பிட்டாளா?" என்று கேட்டார். "ஒங்க அம்மா செத்து இருவது வருசமாச்சு!" என்று கத்தினேன். அப்போதுதான் சேதி கேட்டவர் போல ஓவென்று அழுதார். அரைமணி நேரத்தில் மறுபடியும் அதையே கேட்டார். நான் அவரை அடித்துவிட்டேன். அந்தப் பாவத்தையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

கோவண்டிக்குப் பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். கடிகாரம் வரையச் சொன்னார்கள். அவர் வட்டம் மட்டும் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அல்சைமர் என்றார் டாக்டர். மூளையின் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகிற நோய், வயதானால் எல்லோருக்கும் வருகிற மறதி வேறு, இது வேறு, மாத்திரை ஓரளவு கைகொடுக்கும், குணமாக்காது என்று பொறுமையாகச் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. இங்கே முடியாதது வெளிநாட்டில் முடியும் என்று மனதில் விழுந்துவிட்டது.

என் மகன் செல்வம் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். "யம்மா, அழாத. அப்பாவ இங்க கூட்டிட்டு வா, காட்டுவோம்" என்றான். அந்த ஐப்பசியில் ஆறு நாளும் சஷ்டி விரதம் இருந்தேன். "பழைய மனுசனா எனக்குத் திருப்பிக் குடு" என்று ஒரே வேண்டுதல்.

விமானத்தில் பெல்ட்டைக் கழற்றப் பார்த்தார். பம்பாய் லோக்கல் ரயிலில் போகிற நினைப்பில், "குர்லா வந்துட்டு, எறங்கு புள்ள" என்றார். கையைப் பிடித்துக்கொண்டே சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே ஒரு தமிழ் டாக்டரம்மா. எல்லாக் காகிதத்தையும் படித்தார். மறுபடி சோதித்தார்.

"அம்மா, உங்க ஊர் டாக்டர் சொன்னதுதான் சரி. மாத்திரையும் இதேதான். இந்த நோயை முழுசா குணமாக்குற மருந்து எந்த நாட்டுலயும் இன்னும் வரலம்மா. புதுசா வந்த ஊசி ஆரம்ப நிலையில இருக்கிற சிலருக்கு மட்டுந்தான். இவர் அதைத் தாண்டிட்டாரு."

வெளியே வந்து நாற்காலியில் விழுந்தேன். கடல் தாண்டி வரவழைத்து இதைச் சொல்லத்தானா முருகா என்று கேட்டேன். செல்வம் அப்பாவின் செருப்பு வாரை மாட்டிவிட்டபடி குனிந்தே அழுதான்.

டாக்டரம்மா பின்னாலேயே வந்தார். "ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஓர் இடத்தைப் பார்த்துட்டுப் போங்க" என்றார். மறதி நோய்க்காரர்களைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்கிற இல்லம் அது. அங்கிருந்த தமிழ்ப் பெண் முதலில் கேட்டது, "ஐயா என்ன தொழில் செஞ்சாரு?" பாத்திரக் கடை என்றேன். உள்ளே போய் சமையலறை டம்ளர்களைத் தட்டோடு தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தாள்.

ஒரு டம்ளரை எடுத்தார். நகத்தால் சுண்டிக் காதில் வைத்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சுண்டி, கனமானது ஒரு பக்கம், லேசானது ஒரு பக்கம் அடுக்கினார்.

"இது நல்ல சரக்கு. வெல கொறைக்க முடியாது" என்றார்.

"சரிங்க ஐயா, ரெண்டு டஜன் கொடுங்க" என்றாள் அவள்.

சிரித்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு சிரித்தார்! கொஞ்ச நேரத்தில் அம்மாவைக் கேட்டார். நான் பதறினேன். அவளோ, "அம்மா உங்களுக்கு என்ன சமைச்சுத் தருவாங்க?" என்று கேட்டாள். அவர் சாளை மீன் குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். அழவே இல்லை.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் கேட்ட மனிதர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய்ச் சேருகிற வழி எனக்குத்தான் தெரியாமல் இருந்தது. முருகன் அதைக் காட்டத்தான் அழைத்து வந்தான் என்று அந்த நிமிடமே நம்பினேன். இன்றும் நம்புகிறேன். மூன்று வாரம் தினமும் போய்க் கற்றுக்கொண்டேன். குளிக்க மாட்டேன் என்றால் எப்படிப் பேசுவது, பயந்தால் எப்படிக் கையைப் பிடிப்பது, எல்லாம். "நீங்க நேரத்துக்குத் தூங்குறீங்களாம்மா?" என்று என்னையும் அவள் கேட்டாள். அதுவரை யாரும் கேட்டதில்லை.

நோய் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அது வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. மாத்திரை தொடர்கிறது, எங்கள் பம்பாய் டாக்டரிடம் தவறாமல் காட்டுகிறேன். வீட்டுக்காரர் கையில் பெயரும் போன் நம்பரும் பொறித்த காப்பு போட்டிருக்கிறேன். கடையை நான் பார்க்கிறேன். காலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து பாத்திரம் அடுக்குவார். தப்பாக அடுக்கினாலும் நான் திருத்துவதில்லை. அதற்கப்புறம் நான் அவர்மேல் கை ஓங்கியதில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் கோவில் மண்டபத்தில் எங்களைப் போல ஐந்து குடும்பங்கள் கூடுகிறோம்.

போன மாதம் கடையில் என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல புள்ளயா இருக்கியே. ஒனக்குக் கல்யாணம் ஆயிட்டா?"

"ஆயிட்டு."

"மாப்ள எப்படி?"

"தங்கமானவரு."

"அப்பஞ் சரி" என்று என் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் செய்தார். நான் எழுந்து அவர் காலில் விழுந்து கும்பிட்டேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி மறந்துகொண்டிருந்தால் மறைக்காதீர்கள். முதலில் டாக்டரிடம் போங்கள். முருகனிடமும் கேளுங்கள். அவன் எனக்குச் செவி கொடுத்தான், உங்களுக்கும் கொடுப்பான். செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு அவரையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வாருங்கள். டீ போட்டு வைத்திருப்பேன்.