கட்டி என்று சொன்னேன்

மார்பைத் தூக்கித் தைக்கும் ஆபரேஷன் என்று வீட்டில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மலையாளம் கலந்து பேசும் ஊரில், கோட்டைப் பக்கம் அக்ரஹாரத்து வீடு; அடுத்த வீட்டுத் தும்மல்கூட நமக்குக் கேட்கும். "சின்னக் கட்டி, எடுத்துடப் போறா" என்று மாமியாரிடம் புளுகிவிட்டேன். இரண்டு பிள்ளை பெற்று, இருபது கிலோ குறைந்து, தொங்கிப்போன உடம்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். கணவருக்கு மட்டும் தெரியும்.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. காம்பைச் சுற்றியும் அங்கிருந்து கீழேயும் தழும்பு இருக்கும், உணர்ச்சி குறையலாம், மல்லாந்துதான் படுக்கணும், பல வாரம் கையைத் தூக்கக் கூடாது என்றார். தலையாட்டிக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், இருமினாலே தையல் சுரீரென்று இழுத்தது. மாமியார் மஞ்சள் துணியில் காசு முடிந்து குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு சுவாமி அலமாரியில் வைத்தார். எங்கள் வீடுகளில் காய்ச்சலுக்கெல்லாம் காசு முடிய மாட்டார்கள்; உயிர் பயம் என்றால்தான். அவ்வளவுதான், தெருவே புற்றுநோய் என்று முடிவுகட்டிவிட்டது. வந்த மாமிகள் குரலைத் தாழ்த்தினார்கள். ஒருத்தி என் தலையைத் தடவியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் கோபப்படுவது? புளுகியது நான்.

ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் சரியாகச் சாப்பிடவில்லை, கிட்டே வரவும் இல்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் வாசற்படியிலேயே நின்றுகொண்டு கேட்டாள்:

"அம்மா, சத்யம் பற, உள்ளதைச் சொல்லு. தாத்தாவுக்கும் பாட்டி இப்படித்தான் காசு முடிஞ்சா. தாத்தா போயிட்டார். நீயும் போயிடுவியா?"

உண்மையைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் மாமியார் காதுக்குப் போகும், தெருவே சிரிக்கும். சொல்லாவிட்டால் இவள் ராத்திரி பூராவும் என் மூச்சை எண்ணிக்கொண்டு கிடப்பாள். கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தேன். கட்டிப்பிடிக்கக்கூட முடியாத கையோடு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ உனக்குச் சீக்கு ஒண்ணும் இல்லியா?"

"இல்லைடி. சத்தியமா இல்லை."

விக்கி விக்கி அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தாள்.

"அப்போ முன்னாடி இருந்ததுக்கு என்ன குழப்பம், என்ன குறைச்சல்?"

போர்வையை மார்புவரை இழுத்துவிட்டுக்கொண்டேன். அவளுக்கே உடம்பு வளரத் தொடங்கியிருந்த வருஷம் அது.